படகு இயந்திரம் நின்றுவிட்டால்: அறிகுறி சொல்லும் பழுதும் உத்தரவாதமும்

திருகோணமலைக் கரையில் இயந்திரம் பழுதாகி, இன்னொரு படகால் இழுத்துவரப்பட்டு வந்து சேர்பவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். என்ன பழுது? செலவு யார் தலையில்? இரண்டுக்கும் விடை, இயந்திரம் நின்ற அந்தக் கால்மணி நேரத்தில்தான் கிடக்கிறது. நிற்பதற்கு முன் என்ன சத்தம் வந்தது, பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சியதா, எந்த விளக்கு எரிந்தது, எரிபொருள் எந்தக் கானிலிருந்து போனது என்று சொல்லத் தெரிந்தவருக்குத் திருத்துநர் பாதி நேரத்தில் பழுதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். விற்ற நிறுவனமும் அவரை எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

பெரும்பாலும் நடப்பது வேறு. பதற்றத்தில் மூடியைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி, காபரேற்றரையும் பிரித்துவிடுகிறார்கள். கரைக்கு வந்ததும் பக்கத்து வாடியில் தெரிந்த ஒருவர் சிலிண்டர் தலையையும் திறந்துவிடுகிறார். இயந்திரம் புதியது, உத்தரவாதக் காலமும் முடியவில்லை. ஆனால் முகவரின் ஆள் வந்து பார்க்கும்போது பழுதுக்குச் சாட்சி சொல்ல எதுவும் மிச்சமில்லை. நகையை அடகு வைத்து வாங்கிய இயந்திரத்துக்கு இப்படி நேர்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கடலில் என்ன செய்யலாம் என்பதோடு, அந்தப் பழுது உத்தரவாதத்தில் எந்தப் பக்கம் விழும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் பைபர் படகுகளின் பின்னால் பூட்டும் 8 முதல் 40 குதிரைவலு வரையான வெளியிணைப்பு இயந்திரங்களுக்கானது. பலநாள் படகுகளின் உள்ளிணைப்பு டீசல் இயந்திரங்கள் வேறு உலகம். அவற்றை இங்கே தொடவில்லை.

முதலில் படகு, பிறகு இயந்திரம்

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் நம் கரையில் கடல் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பக்கூடாது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், இயந்திரம் நின்ற படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். வாடைக் காலத்தில் இதற்கு நேர்மாறு. படகைக் கரைக்குத் தள்ளும், ஆனால் சுவாமி மலை அடிவாரப் பாறையையும் புறாத்தீவுச் சுற்றுப் பவளப் பாறையையும் நோக்கித் தள்ளும். எந்தக் காலமானாலும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள்.

உட்துறைமுகத்துக்கும் கொட்டியார் விரிகுடாவுக்கும் வெளியே இதில் தாமதம் கூடாது. விரிகுடா வாயிலருகே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வருகிறது. சற்று முன்வரை கயிறு எட்டிய தரை, கொஞ்சம் மிதந்தவுடன் எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். நங்கூரம் எட்டாவிட்டால் மீன் கூடை, வாளி, பாய்த்துணி எது கிடைக்கிறதோ அதைக் கயிற்றில் கட்டி, படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். மிதந்து போகும் வேகமும் குறையும்.

உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் அலைவரிசை இருக்கும்போதே சங்கத்துக்கோ வீட்டுக்கோ இடத்தைச் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தால், அதற்குள் படகு அலைவரிசை எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். விஎச்எப் வானொலி வைத்திருப்பவர்களுக்கு அபாய அழைப்பு அலைவரிசை 16. பொலிஸ் அவசர இலக்கம் 119.

அடுத்து, மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடக் காணொளி. இயந்திரம் இன்னும் அரைகுறையாக ஓடுகிறது என்றால் அதன் சத்தத்தோடு, தண்ணீர் பீச்சும் துவாரமும் எச்சரிக்கை விளக்கும் தெரிய எடுங்கள். நின்றுவிட்டதென்றால் கயிற்றை ஒருமுறை இழுத்து அதை எடுங்கள். நேரமும் திகதியும் கைப்பேசியே பதிந்துவிடும். உத்தரவாதப் பேச்சில் இந்த ஒரு நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

கயிற்றை இழுக்கலாம், இயந்திரம் பிடிக்கவில்லை

பாதுகாப்பு நிறுத்தி முதலில். சிவப்புச் சுருள் கயிற்றின் நுனியிலுள்ள கொளுவி அதன் இடத்தில் இருக்கிறதா? வலை இழுக்கும்போது கை பட்டுக் கழன்றிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் பொறி வராது. பிறகு கியர் நடுநிலையில் இருக்கிறதா, எரிபொருள் குழாயின் இரு முனையும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை சரியென்றால் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பம்பை, அதன் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். கல்லுப்போல் இறுகினால் எரிபொருள் காபரேற்றர் வரை வந்திருக்கிறது. எவ்வளவு அமுக்கியும் தளர்ந்தே இருந்தால் கான் வெறுமையாக இருக்கும், அல்லது இணைப்பில் காற்றுப் புகும், அல்லது பம்பின் உள்வாய் பழுதாகியிருக்கும். அமுக்கியபின் உப்பாமல் சப்பையாக ஒட்டிக்கொண்டால் கான் பக்கத்தில் அடைப்பு.

எரிபொருள் வந்தும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றலாம். பிளக் மாற்றுவதை எந்தக் கையேடும் உரிமையாளரின் பராமரிப்பு வேலையாகவே சொல்கிறது. அதனால் உத்தரவாதம் கெடாது. எரிபொருளில் நனைந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. சோக்கை உள்ளே தள்ளி, முடுக்கியை முழுதாகத் திறந்து, பம்பை அமுக்காமல் சில தடவை இழுங்கள். பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டருக்குள் வரவில்லை. முனையில் துளித்துளியாகத் தண்ணீர் நின்றால் கீழே எரிபொருள் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

வெள்ளைப் பீங்கான் பகுதியில் மணல்மணலாகச் சாம்பல்நிற உலோகப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்தது. அந்தப் பிளக்கைத் துடைக்காமல் தாளில் சுற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வையுங்கள். பொறியே வராமல், புதிய பிளக்கிலும் வராமல் போனால் பழுது பெரும்பாலும் மின்சுருளிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கும். தண்ணீர் உள்ளே போன தடயம் இல்லாவிட்டால் இவை உத்தரவாதத்தில் தெளிவாகக் கேட்கக்கூடிய பாகங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், வயரை வெட்டி ஒட்டாதீர்கள். ஒட்டிய வயரைக் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

பிடிக்கிறது, சில நிமிடத்தில் அணைகிறது

கான் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்திப் பாருங்கள். படகு ஆடும்போது எரிபொருள் சிந்தும் என்று இறுக்கிவிடுவார்கள். உள்ளே காற்று போகாததால் சில நிமிடத்தில் எரிபொருள் வருவது நின்றுவிடும். திருகைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்றை உறிஞ்சினால் பழுதே இல்லை. இதற்கே பலர் இயந்திரத்தைக் கழற்றி முச்சக்கர வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

அது இல்லையென்றால் இயந்திரம் சோரும் அந்த நொடியில் ஒருவர் ரப்பர் பம்பைத் தொடர்ந்து அமுக்கட்டும். அமுக்கும்போது மட்டும் நன்றாக ஓடினால், இயந்திரத்திலுள்ள எரிபொருள் பம்பின் மென்தகடு பலவீனமாகிவிட்டது, அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது. அமுக்கிக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம். குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் தேய்பொருள். அதற்கு உத்தரவாதம் இல்லை. மென்தகடு முதல் ஆண்டிலேயே கிழிந்தால் கேட்கலாம். ஆனால் மண்ணெண்ணெய்க்கு உருவாக்கப்படாத மாதிரியில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால் கேட்டுப் பயனில்லை.

எரிபொருளில் தண்ணீர், எரிபொருளே வேறு

உத்தரவாதம் மறுக்கப்படுவதற்கு நம் பகுதியில் நான் அதிகம் காணும் காரணம் எரிபொருள்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அறிகுறி எளிது. மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கும். வேகம் கொடுத்தால் திக்கித் திக்கி அடங்கும். எரிபொருள் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் தெளிந்த நீர் தனிப்படையாக நிற்கும். கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டி, துடைத்துப் பூட்டி, மாற்றுக் கானிலிருந்து ஓட்டுங்கள்.

ஆனால் கொட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த எரிபொருளில் அரை லீற்றரைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து மூடி, திகதியையும் எந்த நிரப்பு நிலையத்தில் வாங்கியது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டையும் அதோடு வையுங்கள். தண்ணீர் கலந்த எரிபொருளால் வரும் சேதத்தை எந்தத் தயாரிப்பாளரும் ஏற்பதில்லை. அது நிரப்பு நிலையத்தோடு பேச வேண்டிய விடயம், அங்கே இந்தப் போத்தல்தான் பேசும். நிறுவனம் உங்கள் எரிபொருளைக் குறைசொல்லும்போது, அது சுத்தமானதுதான் என்று காட்டவும் இதே போத்தல் உதவும். போத்தலை வீட்டுக்குள் வைக்காமல், வெயிலும் நெருப்பும் படாத வெளியிடத்தில் வையுங்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கென்றே உருவாக்கிய மாதிரிகள் உண்டு. அவற்றில் எரிகலன் அழுத்தம் குறைவு, காபரேற்றர் அளவுகளும் வேறு. அவற்றையும் பெற்றோலில் பிடித்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, குழாயிலும் காபரேற்றரிலும் உள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்களுக்குத்தான் மறுநாள் காலையில் பிடிக்காது; பிளக்கும் கரி படிந்திருக்கும்.

பெற்றோல் மாதிரியில் காபரேற்றரின் துளையைப் பெருப்பித்து, சிலிண்டர் தலைக்கு இரட்டைத் தகடு போட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றித் தருபவர்கள் நம் கரையெங்கும் இருக்கிறார்கள். கைத்தேர்ச்சி உள்ளவர்கள்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது தொழிலாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். மலிவான வழியைத் தேடுவதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாற்றத்தோடு உத்தரவாதம் முழுவதும் போய்விடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். உத்தரவாதக் காலம் முடியும்வரையாவது பொறுத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெய்க் கலவையும் இதே கணக்கில் சேரும். கையேடு 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். புதிய இயந்திரத்தைப் பழக்கும் காலத்தில் 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். உங்கள் மாதிரிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். அடுத்த படகுக்காரரின் அளவைக் கேட்டு ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிள் எண்ணெய் மலிவு என்று வாங்காமல், டிசி-டபிள்யூ3 என்று போத்தலில் அச்சிட்ட கடல் இயந்திர எண்ணெயை வாங்குங்கள். வெறும் போத்தல் ஒன்றையும் சீட்டையும் எடுத்து வையுங்கள்; பிஸ்டன் இறுகிய வழக்கில் முதற்கேள்வி எண்ணெய் பற்றித்தான் வரும்.

தண்ணீர் பீச்சுவது நின்றுவிட்டது

பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சுவது குறைந்தாலோ, சூடான ஆவி வந்தாலோ, எச்சரிக்கை ஒலி கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரிகள் பலவற்றில் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது முடுக்கியை முறுக்கிப் பார்ப்பது அதை வலிந்து கொல்வது.

கியரை நடுநிலைக்கு எடுத்து, நிறுத்தி, இயந்திரத்தைத் தூக்கி, தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதியான கீழ்க்காலின் இருபக்கச் சல்லடைத் துளைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, பாசி, சொறிமுட்டை, மழைக்காலத்தில் மகாவலி கொட்டியார்க் குடாவுக்குள் தள்ளிவிடும் ஆற்றுக் குப்பை, இவற்றில் ஏதாவது ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டு, சற்றுச் சூடு தணிந்தபின் ஓட்டிப் பாருங்கள். கொதிக்கும் இயந்திரத்தின்மேல் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், உலோகம் வெடித்துவிடும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் பீச்சும் துவாரமே அடைத்திருக்கலாம். தடித்த தங்கூசித் துண்டு (நைலோன் இழை) ஒன்றை அந்தத் துவாரத்துக்குள் மெதுவாகச் செலுத்தி அசைத்தால் உப்பும் மணலும் கரைந்து வெளியே வரும். கம்பி விடாதீர்கள், உள்ளே ரப்பர்க் குழாய் இருக்கிறது, குத்திவிடும். அதன்பிறகும் தண்ணீர் இல்லையென்றால் நீர்ப்பம்பின் ரப்பர் இறகுச் சக்கரம் போய்விட்டது. அதைக் கடலில் மாற்ற முடியாது. இழுத்துவரச் சொல்லுங்கள்.

இந்த இறகுச் சக்கரத்தை முகவர் கழற்றும்போது கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். இறகுகளின் ஓரம் தேய்ந்து, கிண்ணத்தின் சுவரில் வட்டவட்டமாகக் கீறல் விழுந்திருந்தால் அது மணல் தின்ற தேய்மானம்; உங்கள் செலவு. நிலாவெளி, உப்புவெளிபோல் கரையிலிருந்தே தள்ளி ஏற்றும் இடங்களில் இது சீக்கிரம் தேயும். முழங்கால் ஆழத்தில் இயந்திரத்தை இயக்கும் ஒவ்வொரு முறையும் மணலைக் குடிக்கிறது. ஆனால் இறகுகள் புதிதுபோல் இருந்து, நடுவிலுள்ள பித்தளைக் குழல் மட்டும் ரப்பரிலிருந்து விட்டுத் தனியே சுற்றினால் கதை வேறு. தண்டு சுற்றும், இறகு நிற்கும். குறைந்த மணி நேரம் ஓடிய இயந்திரத்தில் அது ஒட்டு விட்டுப்போன குறைபாடு. விரலால் பித்தளையைத் திருப்பிக் காட்டுவதைக் காணொளியாக எடுங்கள். இறகுச் சக்கரம் தேய்பொருள் என்று பட்டியலில் இருப்பதைக் காட்டி மறுப்பார்கள். தேய்மானத்துக்கும் குறைபாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பித்தளையில் கண்ணுக்குத் தெரிகிறது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீர் இல்லாமல் தரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ரப்பர் இறகுக்குச் சில நொடிகள் போதும் கருகிவிட. பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, கீழ்க்காலை அதில் இறக்கி ஓட்டுங்கள்.

இயந்திரம் உறுமுகிறது, படகு நகரவில்லை

காற்றாடியில், அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் இறக்கையில், வலைத் துண்டு சுற்றியிருக்கும், அல்லது காற்றாடி நழுவுகிறது. இயந்திரத்தை நிறுத்தி, பாதுகாப்புக் கொளுவியையும் கழற்றிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

சிறிய இயந்திரங்களில் பாறை தட்டினால் முறியும்படி ஒரு முள் வைத்திருப்பார்கள். மாற்று முள்ளும் பூட்டூசியும் படகில் இருந்தால் சில நிமிட வேலை. பெரியவற்றில் காற்றாடியின் நடுவில் ரப்பர்க் குழல் இருக்கும்; அது விட்டுவிட்டால் மெதுவாகப் போகும்போது படகு நகரும், வேகம் கொடுத்தால் நழுவும். உறுதிப்படுத்த, உள்குழலிலிருந்து வெளிக்குழல் வரை நேராக ஒரு கோடு கீறி, சற்று நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் விட்டது நிச்சயம். மெதுவாகவே கரைக்கு வாருங்கள். காற்றாடியின் ஓரத்தில் அடிபட்ட தடம் இருந்தால் உத்தரவாதம் பேசாதீர்கள், நேரம்தான் வீண்.

கியர் எண்ணெய் பால் தேநீர்போல் இருக்கிறது

கடலில் தெரியாது, கரையில்தான் தெரியும். கீழ்த்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்தால் எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருக்கும். உள்ளே கடல்நீர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பற்சக்கரங்கள் துருப்பிடித்து மொத்தக் கீழ்க்காலையும் மாற்ற வேண்டிவரும்.

காற்றாடியைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். தங்கூசி சுற்றி, உருகி, முத்திரை வளையத்துக்குள் புகுந்திருந்தால் அதுவே காரணம், அது உங்கள் பக்கம். அப்படி ஒன்றும் இல்லாமல் புதிய இயந்திரத்தில் எண்ணெய் வெளுத்தால் வளையத்தின் குறைபாடாக இருக்கலாம். வடித்த எண்ணெயைப் போத்தலில் வைத்து, தண்டைப் படமெடுத்து, முகவரிடம் போங்கள். வலை போடுபவர்கள் வாரம் ஒருமுறையாவது காற்றாடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஒரு பக்கம் அடிக்காமல் உதறுகிறது

இரண்டு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பிளக் மூடிகளை ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றாமல், பிளக்குகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். பழுது பிளக்கோடு இடம் மாறினால் பிளக்; அதே சிலிண்டரிலேயே நின்றால் மின்சுருள், காபரேற்றர் அல்லது அழுத்தம். அழுத்தமானியால் இரண்டு சிலிண்டரையும் அளந்து எண்ணை எழுதித் தரும்படி முகவரிடம் கேளுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் உள்ளே சேதம் இருக்கிறது.

கயிறே அசையவில்லை

கியர் நடுநிலையில் இல்லாவிட்டாலும் கயிறு பூட்டிக்கொள்ளும். அதை முதலில் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றியபின் கயிறு இலகுவாக வந்து துளைகளால் தண்ணீர் பாய்ந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கிறது. பிளக் இல்லாமலும் அசையாவிட்டால் பிஸ்டன் இறுகிவிட்டது. நெம்புகோல் போட்டுத் திருப்ப வேண்டாம். இறுகிய நிலையிலேயே, திறக்காமல் முகவரிடம் கொடுக்க வேண்டிய ஒரே பழுது இது. சிலிண்டர் சுவரின் எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்பதிலிருந்துதான் எண்ணெய்க் குறைவா, சூடா, பாகக் குறையா என்று படிப்பார்கள். நீங்கள் திறந்துவிட்டால் அந்தப் படிப்பை உங்களுக்கு எதிராக எப்படியும் வாசிக்கலாம்.

இயந்திரம் கடலில் மூழ்கிவிட்டது

வாடைக் காலத்தில் கரை அலையில் படகு கவிழ்வது நம்மிடம் சாதாரணம். இது எந்த உத்தரவாதத்திலும் வராது. காப்புறுதி இருந்தால் அதில் பேசலாம். இயந்திரத்தைக் காப்பாற்றச் சில மணி நேரமே இருக்கிறது. மூடியைக் கழற்றி நன்னீரால் முழுக்கக் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்துக் கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். காபரேற்றரை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அன்றே இயக்கிச் சூடாக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கியது என்றால் கயிற்றை இழுக்காதீர்கள், பிஸ்டன் தண்டு வளைந்திருக்கலாம். அன்றைக்குத் திருத்துநர் கிடைக்கவில்லை என்றால் பீப்பாய் நன்னீரில் மூழ்கடித்து வைத்திருங்கள். கடல்நீரில் நனைந்த இயந்திரத்தைக் கெடுப்பது காற்று. வெளியே காயவிட்ட ஒரு இரவில் தாங்கிகளெல்லாம் துருவாகிவிடும்.

உத்தரவாத அட்டையில் பார்க்க வேண்டியவை

அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கும்போதே விற்பவரிடம் தமிழில் விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். மிக முக்கியமான வரி பயன்பாடு பற்றியது. தயாரிப்பாளர்கள் பலர் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கும் தொழில் பயன்பாட்டுக்கும் வேறுவேறு காலம் தருகிறார்கள். உதாரணமாக, அமெரிக்காவில் யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் 3 ஆண்டு, தொழில் என்றால் 1 ஆண்டு. மீன்பிடியும், புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதும் தொழில்தான். அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள ஆண்டைப் பார்த்து நம்பாமல், தொழிலுக்கு எவ்வளவு என்று கேட்டு அதைச் சீட்டின் பின்பக்கம் எழுதி முத்திரையிட வாங்குங்கள். ஒரு நாட்டுக்குரிய உத்தரவாதம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியதும், அதிகாரம் பெறாத இறக்குமதியாளரிடம் மலிவாக வாங்கியதும் இதில் அடிபடும்.

முதல் சேவை அடுத்தது. புதிய இயந்திரத்துக்குக் கையேடு குறிக்கும் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் அதிகாரம் பெற்ற முகவரிடம் செய்து, புத்தகத்தில் மணி நேரமும் திகதியும் எழுதி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத புத்தகம் நிறுவனத்துக்கு மறுக்கக் கிடைக்கும் மிக எளிய காரணம்.

உத்தரவாதம் பாகத்தையும் திருத்தக் கூலியையும்தான் தரும். கொழும்புக்கு அனுப்பும் லொறிக் கூலியையும், தொழிலுக்குப் போகாத நாட்களின் வருமானத்தையும் பொதுவாகத் தராது. மாற்றிய பாகத்துக்குப் புதிய உத்தரவாதம் தொடங்குவதும் இல்லை. முதல் காலத்தின் மிச்சம்தான். இந்த மிச்சத்தை இயந்திரம் பட்டறையில் கிடக்கும் மாதங்கள் தின்றுவிடும். ஆகவே ஒப்படைத்த நாளும் திரும்பப் பெற்ற நாளும் வேலைச் சீட்டில் இருக்க வேண்டும். அந்த நாட்களை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்டவர்களுக்கே கிடைக்கும்.

ஒப்படைக்கும்போது இயந்திரத்தைப் படகில் பூட்டும் தாங்கியிலுள்ள தகட்டு இலக்கம், ஓடிய மணி நேரம், அறிகுறி ஆகியவற்றை உங்கள் சொற்களில் எழுதி ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். “பழுது” என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்காதீர்கள். “20 நிமிடம் ஓடியபின் தண்ணீர் பீச்சுவது நின்றது, எச்சரிக்கை ஒலி வந்தது, உடனே நிறுத்தினேன்” என்று எழுதுங்கள். கழற்றும் பழைய பாகங்கள் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மறுத்துவிட்டால்

வாய்ச்சொல்லை மறுப்பாக ஏற்காதீர்கள். எந்தப் பாகம், என்ன காரணம், அட்டையின் எந்த வரி என்று எழுதிக் கேளுங்கள். எழுத்தில் தரவேண்டிவரும்போது காரணம் சில வேளை மாறிவிடும். முகவர் மறுத்தாலும் இறக்குமதியாளருக்குத் தனியாக எழுதலாம். காணொளியும் படங்களும் அங்கே போக வேண்டும்.

அதற்குமேல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க அதற்கு அதிகாரம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்; பொருளை விற்ற அல்லது சேவையைச் செய்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த 3 மாதம்தான் நம்மவர்களைக் கைவிடும் இடம். முகவர் “அடுத்த கிழமை வாருங்கள்” என்று சொல்லச் சொல்ல நாள் போய்விடுகிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை.

காலம் கடந்துவிட்டதென்றால் உங்கள் பிரதேசத்தின் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. கொண்டுபோக வேண்டியவை: விற்பனைச் சீட்டு, உத்தரவாத அட்டை, சேவைப் புத்தகம், வேலைச் சீட்டு, எழுத்தில் வந்த மறுப்பு, கைப்பேசியிலுள்ள காணொளி, துணியில் சுற்றிய பழைய பாகம். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி எடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.